நகராட்சி நீச்சல்குளம், நுழைவு

பதினோரு வருடம் நான் டோக்கன் கொடுத்தவள்.
பெட்டிச் சாவி, ரப்பர் தொப்பி,
"தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள்":
என் அதிகாரம் அவ்வளவுதான்.

ஆகஸ்டில் ஒரு கருவியைக் கையில் வைத்தார்கள்,
சோப்புப் பெட்டி அளவு.
கட்டம் கட்டமான கறுப்பு வெள்ளையைக் காட்டினால்
பச்சை, இல்லையென்றால் சிவப்பு.
பச்சைக்கு ஒரு சின்னக் கூவல்.
சிவப்புக்குச் சத்தமே இல்லை,
அதை நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

துவார்னெனேயில் எல்லோரையும் எனக்கு உடம்பாகத் தெரியும்.
தபால்காரரின் குடல்வால் தழும்பு,
மருந்துக்கடை ஒதீலின் இறங்கிய இடது தோள்,
எந்தப் பிள்ளை தண்ணீருக்குள் ஒன்றுக்குப் போகும் என்பது வரை.
முகக்கவசத்தோடு வந்தாலும் நடையில் பிடித்துவிடுவேன்.
இருந்தும் கேட்டேன், "காட்டுங்கள்."
தெரிந்தவரிடம் அடையாளம் கேட்பது
எச்சில் கையோடு கைகுலுக்குவது மாதிரி.

குல்வென், படகு எஞ்சின் பழுது பார்த்தவர்,
தினமும் ஏழு மணிக்கு நாற்பது சுற்று.
முட்டாள் இல்லை. சனிக்கிழமை ஊர்வலத்தில்
தொண்டை கிழியக் கத்தியவரும் இல்லை.
"ஊசி போடுவது ஒன்று, நொல்வென்.
உன் மேசையில் அதை ஒப்பிப்பது வேறு.
முதலாவதை யோசிக்கிறேன்.
இரண்டாவதைச் செய்ய மாட்டேன்."
நான் சொன்னேன்: "பின்னால் வரிசை நிற்கிறது."
அதைவிட நல்ல பதில்
இன்றுவரை கிடைக்கவில்லை.

வரிசையில் நின்றவள் மயேல்.
தங்கையின் சிறுநீரகம் அவளுக்குள் இருக்கிறது.
அது தங்க வேண்டுமென்று
தன் காவலாட்களையெல்லாம் மாத்திரையால் தூங்க வைத்திருக்கிறாள்.
மூன்று ஊசி போட்டும் ரத்தத்தில் ஒன்றும் ஏறவில்லை.
பதினேழு மாதம் ஜன்னல்தான்.
தன் பச்சை கூவியதும் அவள் இறங்கவில்லை;
ஓரமாக நின்று மற்றவர்களின் கூவலை எண்ணினாள்.
பிறகு மூன்றாம் தடத்தில் மல்லாந்தாள்.
காதில் தண்ணீர் போவது தெரியாமல்
கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலைக் கணக்கில்
அவளைக் கூட்டினேன், அவரைக் கழித்தேன்.
கணக்கு சரியாக வந்தது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பையன் வந்தான், மீசை அரும்பாதவன்.
கருவி அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது என்றது.
சிரித்தேன், திருப்பி அனுப்பினேன்,
அதற்கு வருந்தினேன்,
பிறகு வருந்தியதற்கும் வருந்தினேன்.
ஜனவரியில் நோய் பச்சை காட்டிவிட்டே உள்ளே வந்தது,
நீச்சல் ஆசிரியரின் தொண்டையில் உட்கார்ந்து.
ஒரு வாரம் குளத்தை மூடினோம்.
மயேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாஸால்தானா,
அவள் அந்த வாரம் பல்வலியென்று வராததாலா,
யாரிடம் கேட்பது?

மார்ச்சில் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்,
சார்ஜர் ஒயரை மறக்காமல்.
மயேல் மீதி ஏழு டிக்கெட்டை மேசையில் வைத்தாள்.
"இனி யார் எப்படி என்று தெரியாதே."
முன்பு மட்டும் தெரிந்ததா என்று நுனிநாக்கு வரை வந்தது.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
குல்வென் வருவாரென்று அவர் பெட்டிச் சாவியை
தனியே எடுத்து வைத்தேன். வரவில்லை.

ஞாயிறன்று கடற்கரைக்குப் போனேன்.
பத்து டிகிரித் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்,
உதடெல்லாம் நீலம்.
கடல் யாரையும் எதுவும் கேட்காது என்பார்கள்.
கேட்கும். போன மாதம் ஒருவனைக் கேட்டது,
அவனிடம் பதில் இல்லை.
பாறைமேல் கிடந்த துண்டை எடுத்து நீட்டினேன்.
நான் வாயே திறக்கவில்லை, அவராகச் சொன்னார்:
"நவம்பரிலேயே போட்டாயிற்று, இரண்டும்.
காகிதம் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.
அந்தச் சிறுநீரகப் பெண் கேட்டிருந்தால்
அவளிடம் காட்டியிருப்பேன்."

அவள் இப்போது வருவதில்லை என்றேன்.

துண்டை உதறினார்.
காற்று என் பக்கம் அடித்தது,
மணல் முழுக்க என் முகத்தில்.