பதினெட்டாம் பக்கத்துக்குப் பிறகு

வாசிப்பு மாதம் என்று வலயத்திலிருந்து கடிதம் வந்தது.
றங்குப்பெட்டியைத் திறந்தேன்.
மேலே கிடந்தவை தப்பியிருந்தன:
சுகாதாரக் கையேடு, அட்டை கழன்ற அகராதி,
நோர்வேயிலிருந்து யாரோ அன்பாய் அனுப்பிய
நோர்வே மொழிப் பூனைக் கதை.
அடியில், பல்லைத் தொலைத்த முதலை.
இருபத்து நான்கு பக்கம்.
பதினெட்டு வரை கதை,
பிறகு சல்லடை.

பதினெட்டில் முதலை குளக்கட்டில் ஏறி நின்று
என் பல்லை எடுத்தது ஆர் என்று கேட்கிறது.
பத்தொன்பதில் கறையான் மண்.

மிச்சத்தை நீங்கள் செய்யுங்கோ என்றேன்.
தரம் மூன்று, பதினாறு பேர்,
அதில் ஒன்பது பேருக்கு முன்பல் இல்லை.

அபிர்னாவின் முதலைக்குப் பல்லு முளைத்தது.
கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டினார்கள்.
அது கொழுக்கட்டையோடு சுளகையும் தின்றது.

கபிசன் சப்பாத்துப் பெட்டிக்குள்
வவுனிக்குளத்தைக் கொண்டுவந்தான்.
நீலப் பொலித்தீன் தண்ணீர், தீப்பெட்டித் துருசு,
கட்டில் மேய மூன்று புளியங்கொட்டை மாடு.
முதலை எங்கேயடா?
“தண்ணிக்குக் கீழ, ரீச்சர்.
முதலை எண்டா அப்பிடித்தான்.”

யதுசிகாவின் முதலை
கிராம சேவையாளரிடம் பல்லில்லாக் கடிதம் வாங்கி,
படம் இரண்டு, பிறப்புப் பத்திரப் பிரதி ஒன்றோடு
வரிசையில் நிற்கிறது.
அதற்குமேல் எழுதவில்லை.
ஏன் நிறுத்தினாய் என்றேன்.
“இன்னும் கூப்பிடேல்ல, ரீச்சர்.”

சாருகேசனின் கொப்பியில் எழுத்தே இல்லை.
முழுக்கப் புள்ளி. கறையான்களாம்.
“முடிவு அதுகளுக்குத்தானே தெரியும்,
திண்டது அதுகள்.”
மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.
வகுப்பு ஏற்கனவே எழுந்து நின்றுவிட்டது.

மலசலகூடத்துக்குப் பின்னால், பாலையடியில்,
என் இடுப்புயரப் புற்று.
பாம்பு இருக்கும் என்று பத்தடி தள்ளித்
தடியால் கோடு கீறினேன்.
சும்மா கேட்டால் சொல்லாது என்றாள் யதுசிகா,
கந்தோர்களில் பழகியவள்.
முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்க வேணும்,
பதினெட்டு முடிய அது தானாய்த் தொடரும்.
ஆளுக்கொரு பக்கம். மிஞ்சிய இரண்டும் எனக்கு.

கறையானுக்குக் காது மந்தம் என்று
யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.
வகுப்பில் வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டும் டனுசியா
கோட்டில் நின்று கத்தினாள்:
மு! த! லை!
பாலையிலிருந்து கொக்கு ஒன்று எழும்பிப் போனது.

பதினெட்டு முடிந்தது.
காத்திருந்தோம்.
றோட்டால் லான்ட்மாஸ்டர் ஒன்று போய்த் தேய்ந்தது.
ஒருவரும் இருமவில்லை.
“சப்பிக்கொண்டிருக்கும்” என்றான் சாருகேசன்.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும்.
புத்தகம் பாராமலே சொல்லத் தொடங்கினார்கள்,
இடையில் தங்கள் ஊர்ச் சனத்தைச் செருகினார்கள்,
முதலைக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள்.

மாதமுடிவில் படிவம்:
வாசித்த நூல்களின் எண்ணிக்கை.
முக்கால் என்று நிரப்பினேன்.
அதிபர் வெட்டிவிட்டு ஒன்று போட்டார்.
சற்று யோசித்து
அதைப் பதினாறால் பெருக்கினார்.

அன்றிரவு மாரியின் முதல் மழை.
காலையில் வானம் இன்னும் இருண்டிருக்க,
புற்றின் வாயெல்லாம் திறந்து ஈசல்.
யன்னலால் வந்தது, கதவால் வந்தது,
கரும்பலகையில் முட்டி விழுந்து நடந்தது.
மேசையெங்கும் கழன்ற சிறகு.
“பத்தொன்பது வருது!” என்று கத்தினான் கபிசன்.
இருபது, இருபத்தொன்று என்று பின்வாங்கிலிருந்து எண்ணினார்கள்.
டனுசியா ஒரு சிறகை எடுத்து
வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
அதன் நரம்பில் விரல் வைத்து
எழுத்துக்கூட்டத் தொடங்கினாள், சத்தமாக.

வெளியே, அதிபரின் கோழிகள் வந்து இறங்கியிருந்தன.
சாருகேசன் யன்னல் கம்பியைப் பிடித்தபடி
ஒவ்வொரு கொத்தலையும் பார்த்துநின்றான்.
“ரீச்சர்,
இனிக் கோழியளிட்டத்தான் கேக்கோணும்.”