சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்

கூலி, சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்.
எண்களுக்குக் கிடையாது.
தேசிய சுகாதாரக் கொள்கை, வரைவு,
அறுபத்திரண்டு பக்கம்.
பொங்கலுக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள்.

முனீர்க்காவில் என் அறையில்
ஹீட்டர் போட்டால் விளக்கு மங்கும்.
ரஜாய்க்குள் மடிக்கணினியோடு உட்கார்ந்து
முதல் பத்தியில் 'பயனாளி' என்று அடித்தேன்.
அடித்ததும் அதன் பங்காளிகள் வந்து நின்றார்கள்:
நோயாளி, கடனாளி.
ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்,
யார் மூத்தவர் என்பதில்தான் தகராறு.

பதினேழாம் பக்கத்தில் முட்டிக்கொண்டது.
வைத்தியத்துக்கு ஜனங்கள் தாங்களே போடும் பணம்.
ஆங்கிலத்தில் அதற்கொரு சட்டைப்பை உண்டு.
'சொந்தச் செலவு' என்றால்
கல்யாணம் மாதிரி ஒலிக்கிறது.
'கைக்காசு' என்றால்
கையில் காசு இருப்பதாக ஆகிவிடும்.
மஞ்சள் பூசி விட்டுவைத்தேன்.

என் கழுத்தில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு.
அதைக் காட்ட மூன்றரை மணிக்கே
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.
மூடுபனிக்குள் யூசுஃப் சராய்,
மருந்துக்கடைகளின் பச்சைச் சிலுவைகள் மட்டும்
அந்தரத்தில் எரிந்தன.
எனக்கு முன்னால் வரிசையில் ஆள் இல்லை.
செருப்புகள் நின்றன,
ஒரு செங்கல்,
மண் நிரப்பிய தண்ணீர் பாட்டில்.
ஆட்கள் சுரங்கப்பாதையில் படுத்திருந்தார்கள்.

நீல ஹவாய்ச் செருப்புக்குரியவள் நாலரைக்கு வந்தாள்.
ஃபூல்மதி. சஹர்ஸா பக்கம்.
இடுப்பில் மூன்று வயதுப் பையன்,
நகமெல்லாம் நாவல்பழ நிறம்.
இதயத்தில் ஓட்டை என்பதை
கூரையில் ஓட்டை என்பதுபோல் சொன்னாள்.
"ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க."
பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்தாள்.
நாள் சரி, மாதம் சரி.
வருஷத்தைத்தான் நான் இரண்டு முறை வாசித்தேன்.

செலவு எவ்வளவு ஆனது என்று கேட்டேன்.
வெளியே எடுத்த ஸ்கேன், எருமை.
மாத்திரைகள், மூக்குத்தி.
ரயிலும் தங்கலும்
மாமியார் பெயரில் வட்டிக்கு.
ரூபாயே இல்லை அவள் கணக்கில்.
மஞ்சள் பூசிய இடத்தில்
'எருமை' என்று போட்டுவிடலாம்.
ஒரு சொல்தான்.

"அக்கா என்ன வேலை?"
சர்க்கார் காகிதத்தை என் மொழியில் எழுதுகிறேன்,
ஆஸ்பத்திரிகளைப் பற்றியது, என்றேன்.
"அப்போ அதில் இவன் தேதி இருக்கா பாருங்களேன்.
கொஞ்சம் முன்னால் தள்ள முடியுமான்னு
கேட்கத்தான் வந்தேன்."
கிண்டல் இல்லை.
எல்லாக் காகிதத்திலும் அவள் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

விரல் விறைத்திருந்தது. போனில் கோப்பைத் திறந்து தேடினேன்.
'தேதி' ஒரே ஒரு இடத்தில், அட்டையின் உட்புறம்:
பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி,
டிசம்பர் முப்பத்தொன்று.
அன்றைக்கு ஜனவரி ஏழு.

'இல்லை' என்பதற்கு இந்தியில் ஒரு சொல்தான்.
எனக்கு வரவில்லை.

எட்டு மணிக்கு ஜன்னல் திறந்தது.
சுரங்கப்பாதையிலிருந்து எல்லாரும் ஓடிவந்து
அவரவர் செருப்புக்குள் நின்றார்கள்.
யாரோ செங்கல்லை நகர்த்திவிட்டதாகச் சண்டை.
"கொஞ்சம் பிடிங்க" என்று
பையனை என்மேல் சாய்த்துவிட்டு
சீட்டை உயர்த்திக்கொண்டு உள்ளே புகுந்தாள் ஃபூல்மதி.
அவன் மப்ளரை விலக்கி
என் கழுத்துக் கட்டியை நீலவிரலால் தொட்டு
'கேந்த்' என்றான்.

இதை மட்டும் உடனே மொழிபெயர்த்தேன்.
பந்து.