பதினாறாவது கட்டம்

மூன்று வாரத்துக்கு என்னை வாடகைக்கு எடுத்தார்கள்.
ஓர் அட்டை, நிறுத்துக் கடிகாரம் ஒன்று,
பதினைந்து கட்டம் போட்ட தாள் ஒரு கட்டு.
துரோலாக் கடைத்தெரு தாண்டி, தண்டவாளம் தாண்டி,
செம்பனை ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே
எடைமேடைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

எண்ணெயில் அமிலம் ஏறுகிறதாம்.
வாங்குகிறவன் விலையைக் குறைக்கிறானாம்.
எங்கே தாமதம், கண்டுபிடி என்றார் மேனேஜர் இங்.
சொன்ன கையோடு விடையையும் சொல்லிவிட்டார்:
லோரிக்காரன்கள் சோம்பேறிகள்.
லோரிக்காரர்கள் எடைமேடையைச் சொன்னார்கள்.
எடைமேடைப் பிரமிளா அச்சுப்பொறியைச் சொன்னாள்.
அச்சுப்பொறி ஒன்றும் சொல்லவில்லை,
தாளை மென்றுகொண்டிருந்தது.

முதல் மூன்று நாள் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.
என் பேனா அசைந்தால் யாரோ ஒருவர் நடை வேகமாகும்.
முனிரத்தினம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
லோரியை விட்டு இறங்கினார்,
படம் பிடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.
அந்த எண்களை நான் அடிக்கவில்லை.
ஓரத்தில் ‘வெட்கம்’ என்று எழுதிவைத்தேன்.

நான்காம் நாள் மழை. என்னை மறந்துபோனார்கள்.
அப்போதுதான் வேலை தொடங்கியது.

வந்த நேரம். எடை போட்ட நேரம்.
கொட்டிய நேரம். வெளியேறிய நேரம்.
காலை முழுக்க வெறும் கோடுகள்,
ஈ எறும்பு ஏறாத எடைமேடை.
நாலு மணிக்கு மேல் பதினேழு லோரி,
கடைசி லோரியின் பின்பக்கம்
பெரிய சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும்.
சராசரி நாற்பத்தொரு நிமிடம்.
நாற்பத்தொரு நிமிடத்தில்
எந்தப் பழமும் இவ்வளவு கெட்டுப்போகாது.
எண் சரி. எண்ணம் தவறு.
நான் கேட்காத கேள்வி ஒன்று
வரிசையில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

ஒரு குலை உருண்டு வந்து என் செருப்பை இடித்தது.
காம்பில் நீல மையில் 208, அறுத்தவர் எண்.
அதன் கீழே, சின்னதாய், 17.
அன்று தேதி பத்தொன்பது.

ஒன்பதாம் டிவிஷன் ரஃபீக்குல் எழுதுகிறான்,
யாரும் சொல்லவில்லை, அவன் கணக்கு அவனுக்கு
என்றார் முனிரத்தினம்.
பிறகு, கேட்காமலே, இன்னொன்றும்:
“ஏழு டன் ஏறாவிட்டால் அது டிரிப் ஆகாது, தங்கச்சி.
யார் போட்ட விதியோ, எனக்கு முந்திய டிரைவர் காலத்தது.
நிறைகிற வரைக்கும் நிற்போம்.
பழமும் நிற்கும், ரோட்டோரம், வெயிலில்.”

என் கடிகாரம் கேட்டில் ஓடத் தொடங்கியது.
பழத்தின் கடிகாரம்
அரிவாள் பட்ட நொடியிலேயே.

ஸ்கேலை வைத்துப் பதினாறாவது கோடு கிழித்தேன்:
அறுத்த நாள்.
மற்றவர்களையும் காம்பில் எழுதித் தரக் கேட்டேன்.
ஐந்து பேர் எழுதினார்கள்.
ஒருவர் தம் பிறந்த தேதியை எழுதியிருந்தார்.
மீதியைக் குனிந்து, முகர்ந்து, விசாரித்து நிரப்பினேன்.
இடுப்பு வலிக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இங் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“சோம்பேறிகள் எந்தக் கட்டத்தில்?”
“இல்லை” என்றேன்.
கொஞ்ச நேரம் ஏர்கோன் மட்டும் பேசியது.
அடுத்த மாதம் ஏழு டன், நாலரை ஆயிற்று.

சம்பளப் பாக்கிக்காக மறுபடி போனேன்.
ஒன்பதரைக்கே லோரி வருகிறது இப்போது,
ஒன்றிரண்டாய், நாள் முழுக்க, விடாமல்.
அமிலம் இறங்கிவிட்டதாம். ஆபீசில் கேக் வெட்டினார்களாம்.
பிரமிளாவின் மேசையில் சாப்பாட்டு டப்பா,
மூடியின் உள்பக்கம் வேர்த்து,
திறக்காமல்.
அந்த வெறும் கோடுகளில்தான்
அவள் முன்பு பசியாறிக்கொண்டிருந்தாள்.
நான் அதை ‘வேலையில்லை’ என்று குறித்திருந்தேன்.

“இதையும் எழுதேன்” என்றாள். சிரிக்கவில்லை.
அடுத்த லோரி ஏறியது, மேடை அதிர்ந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
மூன்று பதினான்கு.
இன்னும் இல்லை.