ஆயிரத்து நூற்றுப் பதினாறு

விற்பனைக்கு:
மஸ்டாங். மஞ்சள் நிறம். ஒரே ஓனர்.
ஓடியது ஆயிரத்து நூற்றுப் பதினாறு கிலோமீட்டர்.
இடம் கூத்தாநல்லூர்.
கடைசி இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தவர்கள்
போனிலேயே சிரித்தார்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டருகே
பதினெட்டு வருஷமாக வண்டி புரோக்கர் நான்.
இரண்டு லட்சம் ஓடிய சுமோவை
நாற்பத்திரண்டாயிரத்தில் நிறுத்தியிருக்கிறேன்,
ஆண்டவனுக்கும் தெரியும், ஆர்டிஓவுக்கும் தெரியும்.
இந்த மீட்டரைப் பார்த்ததும்
திருப்புகிற கைக்கு வேலையில்லாமல் போனது.

வதூது ராவுத்தர் புருனேயிலிருந்து வந்து
சென்னையில் எடுத்து
விடிய விடிய ஓட்டி
ரைஸ் மில் ஷெட்டில் விட்டுவிட்டு
நாலாம் நாள் பிளேன் ஏறினாராம்.
அது முந்நூற்றுப் பத்து. எழுதிக்கொண்டேன்.

மிச்சம்?

வெள்ளிக்கிழமை தோறும், ஜும்மா முடிந்ததும்
நெல் காயும் களத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு.
பேட்டரி செத்துவிடக் கூடாதே.
ரவுண்டு ஒன்றுக்கு இருநூற்றைம்பது மீட்டர்.
ஓட்டுவது பாய்லர் அஞ்சப்பன்.
நடுவே புழுங்கல் ஆவி விட்டுக் கிடக்க
நானூறு குதிரை
போரடிக்கப் பூட்டிய மாடு மாதிரி
முக்கி முக்கி வட்டம் போகும்.
மாட்டுக்காவது வாய்க்கு வைக்கோல்.
பக்கத்து சீட்டில் ஷரீபாம்மா
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பார்.
புருனேயில் அவர் கேட்பார்.
"இன்னொரு தடவ மிதிக்கச் சொல்லு."

ஆறு வருஷத்துக்கு எழுநூற்று எண்பது.
கூட்டினேன்: ஆயிரத்துத் தொண்ணூறு.
பீடிக்கட்டின் பின்புறம் மறுபடி கூட்டினேன்.
இருபத்தாறு இடித்தது.

பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஒரு படி உமி.
அணில் ஒன்று தேங்காய் நாரால்
குடித்தனம் வைத்துவிட்டுக் காலி செய்திருக்கிறது.
டயரில் தேய்மானமே இல்லை,
இடுக்குகளில் நெல்.
அஞ்சப்பனைக் கேட்டேன்.
"களத்த வுட்டு நான் எறக்கினதே இல்ல சார்,
வாசல் வேகத்தடையில அடி தட்டிடும்."
சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் பார்த்தான்.

ஷரீபாம்மா சாக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.
அறுப்பு மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது,
பாக்கிக்குத்தான் இந்த மஞ்சள் போகிறது.
தலை நிமிராமலே சொன்னார்:
"மன்னார்குடி. போகப் பதிமூணு, வரப் பதிமூணு."
எப்போது?
"போன தை. ராத்திரி மூணு மணி."
எதுக்கும்மா?
"முள்ளு நூறைத் தாண்டுதான்னு பாக்கத்தான்."

தாண்டியதா?

பேனாவை மூடினார்.
"எம்பத்தேழுல ஒரு நாய்.
நடு ரோட்டுல, வைக்கோல்ல படுத்திருந்துச்சு.
நிறுத்திட்டேன்.
அது எந்திரிக்கல, நானும் ஆரன் அடிக்கல.
கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் அப்படியே."

ராவுத்தருக்குத் தெரியுமா?
"அவருக்குச் சத்தம்தானே போகும்."

ஈரோட்டிலிருந்து வந்த பையன்
பெயிண்டின் கனம் பார்க்க ஒரு கருவி வைத்திருந்தான்.
ஓட்டிப் பார்க்கிறேன் என்று
வடபாதிமங்கலம் ரோட்டில் எடுத்தான்;
அறுவடைக் காலம்,
ஒரு நெல் டிராக்டரின் பின்னாலேயே
போய், ஒரு நெல் டிராக்டரின் பின்னாலேயே வந்தான்.
சட்டையெல்லாம் சுணை. ஆனாலும் முகம் பூத்திருந்தது.
என் கணக்கை அவனும் போட்டுப் பார்த்தான் போல.
"அண்ணே, ஒரு இருபத்தாறு ஒதைக்குதே, யார் ஓட்டினது?"
"அஞ்சப்பன்" என்றேன்.
அன்றைக்கு வாயால் திருப்பினேன் மீட்டரை.

பேப்பரில் கையெழுத்து வாங்கப் போனபோதுதான்
ஆர்சி புக்கை ஒழுங்காகப் படித்தேன்.
பெயர்: ஷரீபா பேகம்.
ஏதோ வரிக் கணக்குக்காக அப்போதே அப்படிப் போட்டதாம்.
ஒரே ஓனர் என்று எழுதினேனே.

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
சாவியைத் தள்ளிவிட்டுக் கேட்டார்:
"அறுப்பு மிஷின்ல இந்த மாதிரி முள்ளு உண்டா?"
"இல்லம்மா. அது எத்தனை மணி நேரம்
ஓடுச்சுங்கிற கணக்குதான்."
"ராத்திரியிலயும் ஓடுமில்ல?"