கையுறை

பெட்டியில் வைக்கும் முன்
வெள்ளைக் கையுறை மாட்டினார்கள்.
கருங்கல்லில் வின்ஸ்லோ வாங்கி வந்தது.
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
சித்திமார் ஆளுக்கொரு கையாக
விரல் விரலாய் நுழைத்தார்கள்.
நான் எதுவும் சொல்லவில்லை.

அம்மா,
உன் கைகளை மறைக்கச் சொன்ன
முதல் ஆள் நான்தான்.
எட்டாம் வகுப்பு, பெற்றோர் கூட்டம்.
"முந்தானைக்குள்ள வச்சுக்க."
அண்டியாபீஸ் எண்ணெய் தின்ற விரல்கள்,
எலுமிச்சைக்கும் சாம்பலுக்கும்
இளகாத கறுப்பு.
மறுபேச்சில்லாமல் மறைத்துக்கொண்டாய்.
கையெழுத்துக் கேட்டபோது மட்டும்
டீச்சரைப் பார்த்துச் சிரித்து
"பேனா மை கொட்டிப்போச்சு" என்றாய்.
பொய் சொன்னதற்காக அன்றிரவு
முழங்காலில் கூடுதலாய்க் கொஞ்ச நேரம்,
எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக.

அழகான ஜெபம் அல்ல உன்னுடையது.
பலசரக்குக் கடையில் சீட்டு வாசிப்பதுபோல்
கர்த்தரிடம் வாசிப்பாய்.
"வின்ஸ்லோவுக்கு இருமல்.
பால்காரிக்கு எட்டு நாள் பாக்கி.
அடுக்களை மேல ஓடு மூணு.
பெறகு அந்த மேஸ்திரிக்கு நல்ல புத்தி,
தராசுல கை வைக்கான்."
பாதியில் உறங்கிப்போவாய்.
ஆமென் சொல்ல
அப்பாதான் உலுக்க வேண்டும்.

உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசி
கோயில் டப்பாவுக்கு.
அரிசியே இல்லாத ஆடி மழையில்
அவித்த மரச்சீனி ஒரு துண்டை
அதற்குள் போட்டாய்.
கணக்கு தவறக் கூடாதாம்.
ஞாயிற்றுக்கிழமை மூடி திறந்த கோயில்பிள்ளை
மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்.
"ஆண்டவருக்குத் தெரியும்" என்றாய் நீ,
டப்பாவைக் கழுவிக்கொண்டே.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில்
நீ கொண்டுபோன சக்கையை
நீயே கூட்டிக் கேட்டு
அறுபது ரூபாய்க்கு எடுத்த வருஷம்
அப்பா மூன்று நாள் பேசவில்லை.
சக்கை நல்ல இனிப்பு.
அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை அவர்,
தின்னாமல் விடவும் இல்லை.

இதையெல்லாம் நினைவுக் கூட்டத்தில் சொன்னேன்.
சிரித்தார்கள்.
சொல்லாதது ஒன்று இருக்கிறது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில்
பெர்சிஸ் பிறந்த மறுநாள்
குழந்தையை உன்னிடம் நீட்டினேன்.
முந்தானையைக் கைகளில் சுற்றிக்கொண்டுதான்
வாங்கினாய்.
அண்டியாபீஸை நீ விட்டு
பதினோரு வருஷம் ஆகியிருந்தது.
குளிருகிறதாக்கும் என்று
நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பெட்டியை மூடக் குனிந்தவர்களிடம்
"ஒரு நிமிஷம்" என்றேன்.
கோயில் மணி தொடங்கிவிட்டது.
வலது கையுறை எளிதாய் வந்தது.
இடது, மோதிரத்தில் தடுத்தது.
இழுத்தேன். வரவில்லை.
போதகர் கடிகாரம் பார்த்தார்.
வின்ஸ்லோ என் தோளைப் பிடித்தான்.
அப்படியே விட்டுவிட்டேன்.
ஒரு கை மூடி, ஒரு கை திறந்து
போனாய்.

திறந்த கை வெளுத்திருந்தது அம்மா.
நகக்கண்ணில்கூடக் கறுப்பில்லை.
எந்த வருஷம் போனது?
பெர்சிஸுக்குத் தலை பின்னிவிட்டபோதா,
அதற்கும் முன்பா?
வாரம் தவறாமல் வந்துபோனேன்,
கிழங்கும் மீனும் தின்றேன்,
பார்க்கவில்லை.

ராத்திரி, வந்தவர்கள் போனபின்
உன் வேதத்தைப் புரட்டினேன்.
கறுப்பு அதில் இருந்தது.
பக்க ஓரங்களில் எல்லாம்
தொட்டுத் தொட்டு ஏறியது.
சிலுவையின் பக்கத்தில் அதிகம் இருக்கும்
என்று தேடினேன்.
அங்கே லேசாகத்தான்.
யாரை யார் பெற்றார் என்று
பெயர் பெயராய் நீளும் ஒரு பக்கத்தில்
உன் கட்டைவிரல் முழுசாக,
ரேகையோடு.

அங்கேதான் உறங்கியிருப்பாய்.