குறிப்பு என்ற பத்தி

எண்ணூர். மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கழித்தல் கணக்கு.
இன்றைக்கு இந்தச் சாவடிக்குத் தலைமை அலுவலர் நான்;
மற்ற நாட்களில் வியாசர்பாடியில் பூகோளம் நடத்துகிறவன்.

அமலோற்பவம்,
பதிவேட்டில் வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு,
மை காயாத விரலோடு அட்டை மறைப்புக்குள் போனவள்
போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சார், இதுல எல்லாம் ஆளுங்கதான் கீறாங்க."
"ஆமாம்மா."
"முகத்துவாரத்துல மண்ணு கொட்றாங்களே,
அது வேணுமா வேணாமான்னு
எந்த பட்டன்ல கீது?"

ஏஜெண்டுகள் சிரித்தார்கள்.
ஐந்து கட்சியும் ஒன்றாக,
கூட்டணி எதுவும் இல்லாமலே.

சாசனத்தில் அப்படியொரு பொத்தான் இல்லை என்றேன்.
நீங்கள் ஒருவரை அனுப்புகிறீர்கள்,
அவர் போய் உங்களுக்காக...

"விடியக்காலம் கடலுக்குப் போறவன்கூட
பத்து மணிக்கு வந்து
கூடையத் தொறந்து காட்றான் சார்."

அவளிடம் நான் சொல்லாதது:
போன ஆடியில் எங்கள் குடியிருப்பில்
கைதூக்கி வாக்கெடுத்தோம்,
பின்வாசலைப் பூட்டுவதா என்று.
நாற்பத்தொன்றுக்கு ஏழு.
ஏழும் பின்கட்டு வீடுகள்.
கேள்வியை எழுதியவர் செயலாளர்;
அதில் 'பாதுகாப்பு' மூன்று முறை வந்தது,
அந்த ஏழு வீடு ஒரு முறையும் வரவில்லை.
நானும் கை தூக்கினேன்.
டயாலிசிஸ் போகும் குணசீலனை
இப்போது நாற்காலியில் வைத்துச்
சுற்றித் தூக்கி வருகிறார்கள்.

யாருக்கும் இல்லை என்றும் ஒரு பொத்தான் உண்டு,
கடைசியில், என்றேன்.
"ஆளே வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

கட்டுப்பாட்டுப் பெட்டியில்
சிவப்பு விளக்கு அவளுக்காக எரிந்துகொண்டே இருந்தது.
வெளியே வரிசை முணுமுணுத்தது.

இதற்கு விதி இருக்கிறது.
பதினேழு ஏ படிவம், 'குறிப்பு' என்ற கடைசிப் பத்தி,
அகலம் ஒன்றரை அங்குலம்.
வாக்களிக்க மறுத்தார் என்று எழுதிக்
கையெழுத்து வாங்க வேண்டும்.
எழுதினேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"மறுத்தேன்னு ஏன் போட்ட?
கேட்டேன்னு போடு."

நான் போடவில்லை.
அவளே பேனாவை வாங்கி,
பெயரை ஓரெழுத்தும் சுருக்காமல் எழுதினாள்.
'வ'வும் 'ம்'மும் கோட்டைத் தாண்டிக்
கீழ்க் கட்டத்தில் இறங்கி உட்கார்ந்தன.

இருநூற்றுப் பதின்மூன்று வந்தார்.
அடையாள அட்டையை நீட்டினார்,
குனிந்து பார்த்தார்.
"சார், என் எடத்துல யாரோ எழுதிக்கீறாங்க."