ஊடும் வெட்டும்

கல்முனை நீதிமன்றம், பதினொன்று ஐம்பது.
மின்விசிறி சுற்றுவதாக நடிக்கிறது.
கொழும்பிலிருந்து வந்த காப்புறுதிச் சட்டத்தரணி
ஆங்கிலத்தில் கேட்கிறார்.
தமிழாக்குவது என் வேலை.
ஒரு கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் அவகாசம்
அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம்.

விபத்துக்கு முன்பு மோட்டார் சைக்கிள்
வாகனங்களுக்கு ஊடாக –
அந்த இடத்தில் ஒரு வினைச்சொல்.
ஏழாம் வகுப்பில் அதற்கு மனனம் செய்தது ஒரே பொருள்.
யோசிக்குமுன் வாய் எடுத்துக் கொடுத்துவிட்டது:
"நெய்துகொண்டு வந்ததா?"

சாட்சி சம்சுல் ஹிதாயா. வதிவிடம் மருதமுனை.
தொழில், நெசவு.
கூண்டின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து
சட்டத்தரணியை விட்டு என்னைப் பார்த்தார்.
"ஆரு புள்ள நெய்தது? நுஸ்கியா?
அவன் நூல் ஏத்திக்கு வாற பொடியன்.
நெய்யிறது நாங்க."

பின்வாங்கில் சிரிப்பு.
நீதிபதி பேனையால் மேசையைத் தட்டினார்.
மன்னிப்புக் கேட்டுவிட்டு
கையில் கிடைத்த சொற்களையெல்லாம் புரட்டினேன்.

பின்னுதல்? கால் பின்னுவது குடித்தவனுக்கு.
இறந்தவன் வாயில் நான் சாராயம் ஊற்ற முடியாது.
இழைத்தல், பாய்க்குச் சரி;
தீங்கையும் அதே சொல்லால்தான் இழைக்கிறோம்.
முடைதல் கடகத்தோடு நின்றுவிடும்.
தொடுத்தல் பூவுக்கு. வழக்குக்கும்.
அதை அவன் தாய் போன வருடமே தொடுத்துவிட்டாள்.
வளைந்து நெளிந்து என்றால்
ஆறு வருகிறது, பாம்பு வருகிறது,
ஹெல்மெட் போட்ட பையன் வரவில்லை.

சட்டத்தரணி கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"வெட்டி வெட்டி வந்தானா எண்டு கேக்கிறாராக்கும்?"
சாட்சிதான் எடுத்துத் தந்தார்.

ஓம். அதுதான். வெட்டி ஓடுதல்.
இந்த ரோட்டில் பிறந்த எவருக்கும் தெரிந்த சொல்.
அதே ஹேண்டில், அதே இரண்டு லொறிக்கு நடுவே அதே இடுக்கு.
இங்கிலீசுக்காரன் பார்த்தால் துணி நெய்கிறான்,
நாங்கள் பார்த்தால் கிழிக்கிறோம்.

"இல்ல. வெட்டல்ல. நேராத்தான் வந்தான்."

அதைத் திருப்ப வேண்டும் இனி.
அவன் வெட்டவில்லை என்று அப்படியே சொன்னால்
இந்த மாவட்டத்துக் கோவைகளில்
வெட்டு வேறு பிரிவில் வரும்.
ஆகவே அவன் நெய்யவில்லை என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
நெசவுக்காரி முன்னால் நின்று,
சத்தியப்பிரமாணத்தின் பேரில்.

அவர் நிறுத்தவில்லை.
"பச்ச நூல் சேர். பஸ் டயரில சுத்திக்கு
காரைதீவு வரைக்கும் போச்சாம்."
கேட்கப்படாதது. பதியப்படவில்லை.

அடுத்த கேள்வியிலும் அதே வினைச்சொல்தான் வந்தது,
இம்முறை கதையோடு:
நீங்கள் ஒரு கதையை – என்று.
இதற்கு என்னிடம் சொற்கள் வரிசையில் நின்றன.
கட்டுகிறீர்கள். சோடிக்கிறீர்கள். திரிக்கிறீர்கள்.
எல்லாமே கைவேலை.
நான் மெத்தென்றிருந்ததை எடுத்தேன்: "புனைகிறீர்கள்."
அவர் அப்படி மெத்தென்று கேட்கவில்லை.
இதை இங்கேதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

மெத்தென்று சொல்லியும் ஹிதாயாவுக்கு விளங்கிற்று.
"கதை கட்ட எனக்கென்ன கூலியா?
சாரன் ஒண்டுக்கு இவ்வளவு எண்டு வாங்கிறவ நான்.
இண்டைக்கு மூண்டு சாரன் போச்சு."

கூலியைப் பதிந்தார்கள்.
தவணை ஒக்டோபர் ஒன்பது.

களுவாஞ்சிகுடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மருதமுனையில் நிறுத்தினான்.
நிலத்தில் பச்சை ஏதும் தெரிகிறதா என்று
பார்க்கக்கூடாதென்றுதான் நினைத்தேன்.
ஓந்தாச்சிமடத்தில், இருட்டில்,
மாடுகள் நடுரோட்டில் படுத்து அசைபோட்டன.
இடத்தால் ஒன்று, வலத்தால் ஒன்று,
பிறகு கன்றோடு ஒன்று.
நிற்கிறவர்கள் ஒரே பக்கம் சரிந்து
ஒரே பக்கம் நிமிர்ந்தார்கள்.

"என்ன இவன் இப்பிடி வெட்டிறான்" என்றாள்
மடியில் மீன்பையோடு பக்கத்தில் இருந்தவள்,
என்னிடம்.
கேள்விதான் அதுவும்.
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.